மதில் ஏறக் கையில் பலம் இல்லையா?

கேள்வி: அக்கா, நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறேன். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் பார்க்கூர் (ஓடி, தாண்டி, ஏறித் தடைகளைக் கடக்கும் விளையாட்டு) பழகுகிறார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். தாண்டுவது, குதிப்பது எல்லாம் நன்றாக வருகிறது. மதிலில் தொங்கி மேலே ஏறத்தான் முடியவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குக் கையில் பலம் கிடையாது" என்கிறான் அண்ணன். குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார் மாமி. எது உண்மை?
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: மாமி சொல்வது ரொம்பப் பழைய பயம், மக்களே. ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தாண்டுதல் ஆண்களுக்கு 1924-லேயே வந்துவிட்டது, பெண்களுக்கு 2014-ல்தான் வந்தது. அதுவரை தடுத்தவர்கள் சொன்ன காரணங்களில் இந்தக் கர்ப்பப்பைக் கதையும் ஒன்று. கர்ப்பப்பை இறங்கப் பெரும்பாலும் பிரசவமும் வயதும் காரணம், வருஷக்கணக்கில் முக்கிச் சுமப்பதும் சேரும். குளச்சலில் இருந்து மீன் கூடையைத் தலையில் ஏற்றி ஊர் ஊராக நடந்த பெண்களிடம் யாரும் இந்தப் பயத்தைச் சொன்னதில்லை, விளையாடக் கிளம்பினால் மட்டும் சொல்கிறார்கள், எனக்கு அது கோபமாகத்தான் வருகிறது.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆண், பெண் பலத்தில் உள்ள வித்தியாசம் சராசரியாகக் காலைவிடக் கையிலும் தோளிலும்தான் அதிகம். ஆனால் அது பழகினால் வளரும் பலம், சின்ன வயதில் மாமரம் ஏறியவன் அவன், "இறங்குடீ" என்று திட்டு வாங்கியவள் நீ, அதையும் கணக்கில் சேர்க்கச் சொல். மதிலில் பாதி வேலை காலுக்கு: ஓடி வந்து இடுப்பு உயரத்தில் பாதத்தை ஊன்றி மேல்நோக்கி உந்து, அந்த வேகம் அடங்குவதற்குள் கை விளிம்பைப் பிடிக்கட்டும். கைக்கு, ஸ்டூல் போட்டு மேலே ஏறி, மதில் விளிம்பில் கையை ஊன்றி, அங்கிருந்து கையாலேயே உடம்பைத் தாங்கி மெதுவாக, ஐந்து வரை எண்ணி இறங்கு. வாரத்துக்கு மூன்று நாள், சில மாதம். அப்புறம் குதிக்கும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் மடங்குகிறதா என்று கண்ணாடியில் பார், குதிக்கிற விளையாட்டுகளில் ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிவது பெண்களுக்குத்தான் அதிகம். முட்டி பாதத்துக்கு நேராக, சத்தம் வராமல் இறங்க வேண்டும்.

2022-ல் டோக்கியோவில் நடந்த முதல் பார்க்கூர் உலக சாம்பியன்ஷிப்பிலேயே பெண்கள் பிரிவு இருந்தது. வித்தைகள் காட்டும் ஃப்ரீஸ்டைலில் மெக்சிகோவின் எலா புசியோ ஜெயித்தார். அந்த வீடியோவை அண்ணனோடு உட்கார்ந்து பார்.

கேள்வி: முட்டம் பாறையில் பழகலாமா?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். பாசி வழுக்கும், அலை எப்போது ஏறும் என்று தெரியாது. மணலில் பழகு.