விற்ற பணம் கைக்கு வரட்டும்: வீட்டுக் கேள்வி-பதில்

கும்பகோணத்து வீட்டை 60 லட்சத்துக்குப் பேசி 6 லட்சம் அட்வான்ஸ் வாங்கினோம். அதை அப்படியே தஞ்சாவூரில் பார்த்த வீட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டோம். இரண்டுக்கும் 90 நாள் கெடு. எங்களிடம் வாங்குபவர் இப்போது பேங்க் லோன் தாமதமாகும் என்கிறார்.

எத்தனை முறைதான் எழுதுவது! வாங்கிய அட்வான்ஸ், கிரயம் ஆகும்வரை உங்கள் பணம் அல்ல. இங்கே பேச்சு முறிந்தால் அதைத் திருப்ப வேண்டி வரலாம். அங்கே கெடு தவறினால் கொடுத்தது போய்விடும். பேங்க் வக்கீல் பத்திரம் பார்த்து, இன்ஜினியர் மதிப்புப் போட்டு, சாங்ஷன் ஆகி, டிடி கைக்கு வர ஒன்றரை மாதம் சாதாரணம். மூலப்பத்திரத்தில் ஒரு சர்வே எண் பிசகியிருந்தால் மூன்று மாதமும் போதாது. விற்கிற வீட்டுக்கு 90 நாள் என்றால் வாங்குகிற வீட்டுக்கு 150 நாள் கேட்டிருக்க வேண்டும்.

ஆனது ஆயிற்று. கெடு முடிவதற்குள் தஞ்சாவூர்க்காரரைப் பார்த்து 60 நாள் நீட்டிப்பு கேளுங்கள். போனில் 'பார்த்துக்கலாம்' என்பதெல்லாம் நிற்காது. நீட்டிப்பை எழுதி, இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள். கூடுதலாக ஒரு லட்சம் கேட்டால், சேமிப்பில் இருந்தால் கொடுங்கள்; வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். கும்பகோணத்தில் வாங்குபவரிடம் சாங்ஷன் கடித நகல் கேளுங்கள். அவர் பின்வாங்கினால், அட்வான்ஸைத் திருப்புகிற அன்றே ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேலுள்ள பதிவுகளைக் காட்டும் சான்று) உட்கார்ந்திருக்கும். அடுத்து வருபவரின் பேங்க் தொடாது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 60 லட்சத்தில் வாங்குபவர் 1% டிடிஎஸ் (வருமான வரிக்கு முன்கூட்டியே பிடித்துக் கட்டுவது) போக உங்கள் கைக்கு வருவது 59.40 லட்சம். புது வீடு 55 லட்சம் என்றால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9%. ஐந்து லட்சம் தனி. அந்த வீட்டுக்காரருக்குத் தருவதில் நீங்களும் 1% பிடித்துக் கட்ட வேண்டும். 'விற்ற காசுக்கே வாங்கிவிடுவேன்' என்பவர்கள் இந்த ஐந்து லட்சத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

காலையில் கும்பகோணத்தில் எழுதிக் கொடுத்து, மதியம் தஞ்சாவூரில் எழுதி வாங்கும் யோசனையும் வேண்டாம். டிடி கணக்கில் ஏற வேண்டும். நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள்.

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டின் அடிமனை கோயிலுக்குச் சொந்தம். விற்று வேறு வீடு வாங்கலாமா?

நீங்கள் விற்கக்கூடியது கட்டடம் மட்டும். மனையையும் சேர்த்துப் பத்திரம் போட முடியாது. வாடகை பாக்கியைக் கட்டி, பெயர் மாற்றத்துக்குக் கோயில் நிர்வாகம் சம்மதிக்குமா என்று முதலில் கேளுங்கள். இந்த இடத்துக்கு பேங்க் கடன் கிடைப்பது அரிது. ரொக்கக்காரர்தான் வருவார், விலையும் இறங்கும். பக்கத்துத் தெரு விலையை வைத்துப் புது வீடு பேசிவிடாதீர்கள்.

விற்றதற்கு வரி எவ்வளவு வரும்? (திருவாரூர்)

எந்த வருடம் வாங்கியது, என்ன விலை, எதுவுமே எழுதாமல் எவ்வளவு என்றால்? பொதுவாகச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால், லாபத் தொகையை இன்னொரு வீட்டில் போட்டால் வரி இல்லை. விற்ற நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வாங்க வேண்டும், அல்லது 3 வருடத்துக்குள் கட்ட வேண்டும். விற்பதற்கு ஒரு வருடம் முன்பே வாங்கியிருந்தாலும் செல்லும். வருமான வரி ரிட்டர்ன் கெடுவுக்குள் செலவாகாத லாபத்தை பேங்கில் மூலதன ஆதாயக் கணக்கில் போடுங்கள். சாதாரண டெபாசிட்டில் போட்டால் சலுகை போச்சு. புது வீட்டை 3 வருடத்துக்குள் விற்றாலும் அதே கதைதான்.

விற்ற வீட்டிலேயே இரண்டு மாதம் இருக்கலாமா?

இருக்கலாம். ஆனால் கிரயப் பத்திரத்தில் சுவாதீனம், அதாவது வீட்டின் அனுபவம், ஒப்படைத்ததாக இருக்கும். காலி செய்யும் தேதி போட்டுத் தனியாக வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள்.

ஆடியில் பத்திரம் பதியலாமா?

தாராளமாக. ஆவணி முகூர்த்த நாளில் டோக்கனுக்கு நிற்பதைவிட மேல்.

எங்கள் வீட்டுப் பத்திரம் பேங்கில் அடமானம். எப்படி விற்பது? (மன்னார்குடி)

இன்ன தேதிவரை பாக்கி இவ்வளவு, தாண்டினால் ஒரு நாளைக்கு வட்டி இவ்வளவு என்று பேங்கிடம் கடிதம் வாங்குங்கள். வாங்குபவர் அந்தத் தொகைக்கு பேங்க் பெயரில் டிடி எடுக்கட்டும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பேங்க் பத்திரத்தைத் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய். பத்திரம் வந்தால் போதாது, கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணம் பதிந்து வில்லங்கத்தில் ஏறியதையும் பாருங்கள். இந்த 30 நாளையும் கெடுவில் சேர்க்க மறக்காதீர்கள்.

சித்திரையில் வீடு பார்த்தோம். சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது.

நம் களிமண் பூமியில் சித்திரைச் சுவரை நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு முறை பாருங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் பீரோவை நகர்த்தச் சொல்லிப் பின்னால் பாருங்கள். ஓதம் அங்கேதான் மறைந்திருக்கும், தொட்டால் வெள்ளையாக உப்பு உதிரும். கீழே மூன்றடி மட்டும் புது பெயிண்ட் என்றால் விலையை மறுபடி பேசுங்கள்.