பெயர் தெரியாத முகங்கள்: பழைய ஆல்பம் பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோ இருட்டறையில் படம் கழுவிப் பழகியவன் நான். இப்போது உறவுக்காரர், ஊர்க்காரர் வீட்டுப் பழைய படங்களைப் பார்த்து, எந்தக் காலம், யாராக இருக்கலாம் என்று தேட உதவுகிறேன். பதில்களுக்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள்: ஊகத்தில் பெயர் எழுதாதீர்கள். பெயர் இல்லாத படத்தைப் பற்றி நாளைக்கும் யாராவது விசாரிப்பார்கள். தப்பான பெயர் ஏறிவிட்டால் அதோடு விசாரணை முடிந்துபோகும்.

வீரவநல்லூர் தம்பி: அண்ணாச்சி, தாத்தா டிரங்குப் பெட்டியில் ஒரு இளைஞர் படம். பின்னால் மையில் "1107 பிரசோற்பத்தி தை 16" என்று இருக்கிறது, பெயர் இல்லை. 1107 ஸ்டுடியோ பில் நம்பரா? தாத்தா பிறந்தது 1930.

பில் நம்பர் இல்லை தம்பி, கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு ஆண்டுக்கணக்கு. நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் ஜாதகங்களிலும் அந்த ஆண்டுதான் இருக்கும். ஆவணியில் புது ஆண்டு பிறக்கும். அதனால் ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். 1107 தை என்றால் 1932 ஜனவரி கடைசி. தமிழ் வருடத்தை வைத்தும் சரிபார்த்துக்கொள்ளலாம். பிரசோற்பத்தி 1931 சித்திரையில் பிறந்து 1932 பங்குனியில் முடிந்தது. இரண்டும் ஒத்துப்போகிறது.

தாத்தாவுக்கு அப்போது ஒன்று, இரண்டு வயதுதான். ஆகவே படத்தில் இருப்பது அவர் இல்லை. முகத்தைப் பார்த்து இருபத்தைந்து வயது மதித்தால் 1907 வாக்கில் பிறந்த ஆளைத் தேட வேண்டும். பூட்டனாக, அதாவது தாத்தாவின் அப்பாவாக இருக்கலாம், அவர் தம்பியாக இருக்கலாம், அவர் மைத்துனராகவும் இருக்கலாம். எழுதியது யார் கை என்று பாருங்கள். வீட்டில் பழைய மொய் நோட்டு கிடந்தால் எடுங்கள், கையெழுத்தையும் ஒப்பிடலாம், அந்தக் காலத்து உறவுக்காரர் பெயரும் ஊரும் வரிசையாகக் கிடைக்கும். உங்கள் அப்பா பெயரும் பூட்டன் பெயரும் ஒன்றாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீடுகளில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும்.

பேட்டை தங்கச்சி: முகத்தைக் காட்டினால் ஆளைச் சொல்லும் ஆப் இருக்கிறதா அண்ணாச்சி?

இறந்துபோன உங்கள் பூட்டியின் முகம் எந்த ஆப்பிலும் கிடையாதும்மா. வயதான அத்தை ஒருத்தரிடம் கேளுங்கள்.

ஏரல் வாசகர்: தாத்தா கோட்டு, கைக்கடிகாரத்தோடு நிற்கிறார். பக்கத்து மேஜையில் தடித்த புத்தகம். வக்கீல் என்கிறார் சித்தப்பா.

கோட்டு, கடிகாரம், புத்தகம், பூஞ்சாடி எல்லாம் ஸ்டுடியோவிலேயே கிடைக்கும். கோட்டின் கை விரல் வரை தொங்குகிறதா, கால் வெறுங்காலா என்று பாருங்கள். இரவல் கோட்டு என்றால் அதிலேயே தெரிந்துவிடும். கோட்டை விட, பின்னால் தொங்கும் படுதாவும் தரையும்தான் உங்களுக்கு உதவும். அதே படுதா, அதே நாற்காலி வீட்டில் வேறு படத்தில் இருந்து, அதில் ஸ்டுடியோ முத்திரையும் இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் எடுத்தவை. முத்திரையில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அடித்த முத்திரை. செங்கோட்டை முகவரியில் திருவிதாங்கூர் என்றிருந்தால் 1956-க்கு முந்தியது.

சட்டைப் பை வலது பக்கம் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். முகத்து மச்சத்தை வைத்து ஆளை முடிவு செய்யும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலைக்கரைப்பட்டி அக்கா: குரூப் படத்தில் இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் காதில் தோள் வரை தொங்கும் பாம்படம், இன்னொருத்திக்குச் சின்னத் தோடு. பாம்படம் போட்டவள் தாய், தோடு போட்டவள் மகள், படம் 1930-க்கு முந்தியது என்கிறார் மாமா. சரியா?

இரண்டுமே சரியில்லை அக்கா. சின்ன வயதிலேயே காது குத்தி, குணுக்கு என்ற கனமான வளையம் போட்டுக் காதுத் துளையை நீளவைப்பார்கள், அதுதான் காது வளர்ப்பது. வளர்ந்த காது, அந்தப் பெண் எப்போது சிறுமியாக இருந்தாள் என்பதைச் சொல்லும். படம் எடுத்த ஆண்டைச் சொல்லாது. பாம்படத்தோடு கடைசி வரை இருந்த ஆச்சிமார்களை நாமே பார்த்திருக்கிறோம்.

திசையன்விளை தம்பி: குறுக்கே வருகிறேன் அண்ணாச்சி. அந்த வயதுப் பெண்கள் எல்லாருக்குமே நீண்ட காதுதானே? சின்னத் தோடு என்றால் இளையவள் என்பது சரிதான்.

எல்லாருக்கும் இல்லை தம்பி. தோடு நாகரிகமான பிறகு, தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. அக்காவும் தங்கையும் ஒரே படத்தில் ஒருத்தி பாம்படத்தோடும் ஒருத்தி தோடோடும் நிற்கலாம். தைத்த காதின் மடல் கட்டையாக, கீழே ஒரு கோடு விழுந்தது போல இருக்கும்.

நாசரேத் டீச்சர்: எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன பெண்களுக்குக் காது வளர்க்கவே இல்லை. அதே வயது ஒன்றுவிட்ட சகோதரிகளுக்கு வளர்த்தார்கள்.

பாருங்கள் தம்பி, டீச்சர் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே தலைமுறை, ஒரே குடும்பம், காது மட்டும் வேறு.

திசையன்விளை தம்பி: அப்படியென்றால் காதை வைத்து எதுவுமே சொல்ல முடியாதா?

சொல்லலாம். வளர்த்த காது என்றால், காது வளர்க்கும் வழக்கம் இருந்த காலத்தில் பிறந்தவள். அதற்கு மேல் ஒரு வரி கூட ஏற்றாதீர்கள்.

மூலைக்கரைப்பட்டி அக்கா: பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னக் காதில் கோடு இருக்கிறது! அத்தையிடம் காட்டி "இது பூட்டியோட தங்கச்சியா?" என்றேன், "ஆமா" என்றாள். இன்னொன்று, பிரிண்டின் பின்னால் ஆர்வோ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. பூட்டி 1958-ல் இறந்துவிட்டாள்.

கோடு கிடைத்தது நல்லது. ஆனால் அத்தையிடம் கேட்ட விதம் சரியில்லை அக்கா. பெயரை நீங்களே எடுத்துக் கொடுத்தால் வயதானவர்கள் மறுக்காமல் தலையாட்டிவிடுவார்கள். படத்தைக் கையில் கொடுத்து, "யார் யாரெல்லாம் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வேறொரு பெரியவரிடம் தனியாக, முதல் ஆள் சொன்னதைச் சொல்லாமல் கேளுங்கள். தங்கச்சி என்றால் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். மூத்த தாரம் இறந்து, அவள் தங்கையையே கட்டிவைத்த வீடுகள் உண்டு. மூத்தவளைப் பற்றிப் பேச்சே எழாமல் போயிருக்கும்.

ஆர்வோ கிழக்கு ஜெர்மனியின் போட்டோ சரக்கு. அந்தப் பெயர் 1964-ல் வந்தது. பூட்டி அதற்கு முன்பே போய்விட்டாள் என்றால், அது பழைய படத்தை மறுபடி படம் பிடித்து எடுத்த பிரிண்டாக இருக்கலாம். ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். படத்தில் மடிப்புக்கோடு தெரிந்தும் தாளின் மேல் மடிப்பே இல்லை என்றால் நகல்தான். அப்போது மூலப்படம் எங்காவது இருக்க வாய்ப்பு உண்டு. சுவரில் மாட்டிய சட்டங்களைக் கழற்றிப் பின்னட்டைக்கு உள்ளே பாருங்கள். புதுப் படம் வந்ததும் பழையதை அதற்குப் பின்னாலேயே செருகிவைப்பார்கள்.

கடையநல்லூர் வாசகர்: ஆப்பில் போட்டு மங்கல் முகத்தைத் தெளிவாக்கினேன். இப்போது அச்சு அசலாக எங்கள் பெரியப்பா.

தெளிவாக்கவில்லை, ஆப் புதுக் கண்ணும் மூக்கும் வரைந்திருக்கிறது. அதை வைத்து ஆளை அடையாளம் காணவே கூடாது. மூலத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: கலர் போட்டால் அடையாளம் தெரியுமா?

தெரியாது. மேலே சொன்னதேதான்.

மேலப்பாளையம் வாசகர்: ரங்கூன் ஸ்டுடியோ முத்திரையோடு ஒரு படம். எங்கள் வீட்டில் யாரும் பர்மா போனதில்லை என்கிறார்கள்.

போனவர் அங்கிருந்து தன் படத்தை உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். நண்பராகவோ, சம்பந்தி வீட்டாராகவோ, கடைப் பங்காளியாகவோ இருக்கலாம். ஆல்பத்தில் இருப்பவர் எல்லாம் ரத்த உறவு என்று நினைப்பதால்தான் பாதித் தப்பு வருகிறது. பின்பக்கம் தபால் அட்டை போல அச்சிருந்தால் எழுத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். 1942-ல் ஜப்பான்காரனுக்குப் பயந்து நடந்தே வந்தவர்கள் பலர் கையில் எதுவும் கொண்டுவரவில்லை. அவர்கள் படம் மிஞ்சியிருந்தால் இப்படி ஊருக்கு அனுப்பிய பிரதிதான் மிஞ்சியிருக்கும். அவர் பேரப்பிள்ளைகளிடம் அதுகூட இல்லாமல் இருக்கலாம்.

களக்காடு வாசகர்: நாற்காலியில் மாலையோடு ஒரு அம்மா, கண் பாதி மூடியிருக்கிறது. இறந்த பிறகு எடுத்ததா?

கண்ணை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள், இமைத்தாலும் அப்படி விழும். நாடிக்கட்டு (தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி), நெற்றிக் காசு, கட்டிய கால் பெருவிரல் தெரிந்தால் ஆம். சாவு வீட்டில் உட்காரவைத்துப் படம் எடுப்பது நம்ம பக்கத்தில் வழக்கம்தான். சில பெண்களுக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தென்காசி வாசகர்: இந்தப் படத்தை வைத்து வாரிசு நிரூபிக்கலாமா?

வக்கீலிடம் கேளுங்கள்.

வள்ளியூர் அக்கா: கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துப் பின்னால் பெயர் இருக்கிறதா பார்க்கலாமா? பெயரை அப்புறம் பேனாவால் எழுதலாமா?

பிய்க்கவே பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்து, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் மொபைலில் எடுங்கள். பின்னட்டையை மட்டும் கழற்றினால் பின்பக்க எழுத்து தெரியும், அதையும் எடுங்கள். படத்தின் பின்னால் எழுதப் பேனா கூடாது, மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சிலில், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். யார் சொன்னார்கள், என்றைக்குச் சொன்னார்கள் என்பதையும் பெயருக்குப் பக்கத்திலேயே குறியுங்கள்.