போர் விமானம் அழகாகத் தெரிவது தவறா?

கேள்வி இதுதான்: மனிதர்களைக் கொல்லவும் ஊர்களை அழிக்கவும் செய்யப்பட்ட இயந்திரங்களில் சிலருக்கு அழகு தெரிகிறதே, அது எப்படி? அப்படி ரசிப்பது தவறில்லையா?

நான் அப்படி ரசிக்கிற ஆள். பத்து வயதில் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. அதனால் எனக்குள் நடந்ததையே சொல்கிறேன்.

பள்ளி நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் விமானங்களாக வரைந்து தள்ளுவேன். அதில் ஒன்றுகூடப் பயணிகள் விமானம் கிடையாது. அதிகம் வரைந்தது ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். அதன் இறக்கை ஒரு நீள்வட்டம். பென்சிலைத் தூக்காமல் ஒரே இழுப்பில் வர வேண்டும். கை கொஞ்சம் தயங்கினாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். சரியாக வந்துவிட்டால், இலையின் விளிம்பையோ மீனின் முதுகையோ பார்க்கும்போது வருகிற நிறைவு வரும். அது ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. ஸ்பிட்ஃபயர் முதன்முதலாகப் பறந்தது 1936 மார்ச்சில். தலைமை வடிவமைப்பாளர் ஆர். ஜே. மிட்செல், இறக்கையின் வடிவத்தில் பெவர்லி ஷென்ஸ்டோனுக்குப் பெரும்பங்கு. வேகம் வேண்டுமென்றால் இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும். ஆனால் அதே இறக்கைக்குள் சக்கரம் மடங்கி உட்கார வேண்டும், எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் அவற்றின் தோட்டாப் பெட்டிகளும் இருக்க வேண்டும். நேர்கோட்டில் குறுகிக்கொண்டே போகும் இறக்கையில் அதற்கு இடம் போதாது. நீள்வட்டமாக வைத்தால் உடலிலிருந்து வெகுதூரம் வரை அகலம் அவ்வளவாகக் குறைவதில்லை. மெல்லிய இறக்கைக்குள்ளும் துப்பாக்கிகளுக்கு இடம் கிடைக்கிறது, காற்றின் இழுவையும் குறைகிறது.

அதாவது, நான் அத்தனை வருடம் வரையப் பழகிய கோடு, எட்டுத் துப்பாக்கிகளைச் சுற்றிக்கொண்டு போகிற கோடு.

அன்றைக்கு ரசனை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போகவில்லை. வேறொன்று நடந்தது. அதுவரை யாராவது கேட்டால், ‘அழிக்கச் செய்யப்பட்டாலும் அழகுதானே’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ‘ஆலும்’ எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அழிவு ஒரு பக்கம், அழகு ஒரு பக்கம், நான் அழகின் பக்கம். ஆனால் இறக்கையின் வளைவே துப்பாக்கியிலிருந்து வருகிறது என்றால், அங்கே ‘ஆலும்’ நிற்காது. ‘அதற்காகச் செய்யப்பட்டதால்தான் அழகு’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாய் கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

வாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வாளின் வளைவை உலகமே புகழ்கிறது. கொல்லர் அதன் முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்துகிறார். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. கடினமாகும்போது சற்று விரிகிறது. முதுகு மெதுவாகக் குளிர்கிறது. அந்த இழுபறியில் வாள் முதுகுப் பக்கமாக வளைந்துகொள்கிறது. விளிம்பையொட்டி ஓடும் அலை போன்ற கோடும் அப்போது பிறப்பதுதான். வெட்டும் இடம் கடினமாகவும் மற்ற இடம் உடையாமலும் இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து அந்த அழகு வருகிறது. தேவையைக் கழித்துவிட்டால் வளைவும் போய்விடும்.

வல்கன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 1952-இல் முதலில் பறந்தது. முக்கோண இறக்கை, தனியாக ஒட்டவைத்த வால் இறக்கை எதுவும் இல்லாத சுத்தமான உருவம். ஆரம்ப காலத்தில் அதற்குப் பளீரென்ற வெள்ளை வண்ணம் அடித்திருந்தார்கள். அந்த வெள்ளையில் அதன் படத்தைப் பார்த்தால் கொக்கு ஒன்று சிறகு விரித்த மாதிரி இருக்கும். அந்த வெள்ளை எதற்கு? அணுகுண்டைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது வெடிப்பின் ஒளியும் வெப்பமும் விமானத்தையே பொசுக்கிவிடக் கூடாது, பட்டதும் திரும்பிப் போக வேண்டும் என்பதற்கு. இறக்கையில் இருக்கும் நாட்டின் அடையாள வட்டத்தைக்கூட வெளிறிய நிறத்தில்தான் பூசினார்கள். அடர் நிறம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு நகரம் எரியும் வெளிச்சத்துக்காகத் தேர்ந்தெடுத்த வெள்ளை அது. நான் அதைக் கொக்கு என்று நினைத்திருந்தேன்.

(எஸ்ஆர்-71 பிளாக்பேர்டை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். பார்க்க அதைவிட மிரட்டலான ஒன்று கிடையாதுதான். ஆனால் அது ஆயுதம் ஏந்தாத உளவு விமானம். கேள்வியின் பாரம் அதன்மேல் முழுதாக விழுவதில்லை.)

உள்ளே இருப்பவர்களையும் இந்த அழகு விட்டுவைப்பதில்லை. ஜிரோ ஹோரிகோஷி வடிவமைத்த ஜப்பானியப் போர் விமானமான ஜீரோ 1939-இல் பறந்தது. அவ்வளவு லேசு, அவ்வளவு லாவகம், தொலைதூரம் போகும். அந்த லேசு எங்கிருந்து வந்தது? விமானியைக் காக்கும் கவசத் தகடு ஆரம்பத்தில் வைக்கவில்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. எதிரியின் தோட்டா பட்டால் எளிதில் தீப்பிடித்தது. பார்க்க வருகிற அந்த நளினத்தில் ஒரு பங்கு, விமானியின் உயிரிலிருந்து கழித்துக்கொண்ட எடை.

ஹூட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் அப்படித்தான். கடலில் மிதந்ததிலேயே அழகான போர்க்கப்பல் என்று பலர் சொன்னது. 1923-24-இல் உலகத்தைச் சுற்றி வந்தபோது துறைமுகம் துறைமுகமாகக் கூட்டம் கூடிப் பார்த்தது. 1941 மே 24 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்குடன் நடந்த சண்டையில் வெடித்துச் சில நிமிடங்களில் மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 1,418 பேர். பிழைத்தவர்கள் 3 பேர்.

சரி, தவறா என்ற கேள்விக்கு வருகிறேன்.

கண் அழகைப் பார்ப்பதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. கண்ணுக்கு அனுமதி கேட்கத் தெரியாது. ரசிப்பவர்கள் எல்லாம் ரத்தவெறி பிடித்தவர்கள் என்கிற பேச்சையும் நான் ஏற்பதில்லை. எனக்குத் தெரிந்த ரசிகர்களில் பலர் ஈக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள். ஆனால் இரண்டு இடங்களில் பயம் உண்டு. ஒன்று, இயந்திரத்தின் அழகு நழுவிப் போரின் அழகாகிவிடுவது. இத்தாலியக் கவிஞர் மரினெட்டி 1909-இல் வெளியிட்ட அறிக்கையில், வேகமாகப் பாயும் காரின் அழகைப் புகழ்ந்த அதே மூச்சில் போரை உலகத்தைச் சுத்தப்படுத்தும் ஒரே வழி என்றும் புகழ்ந்தார். பிற்பாடு அவர் பாசிஸ்டுகளோடு போய்ச் சேர்ந்தார். இன்னொன்று, என்னைப் போல வடிவமைப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு வருவது. ஹைட்ரஜன் குண்டின் புதிய வடிவமைப்பு நுட்ப அளவில் அவ்வளவு இனிமையாக இருந்தது என்று, முதல் அணுகுண்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய விஞ்ஞானி ஓப்பன்ஹைமர், 1954-இல் தன்மேல் அமெரிக்க அரசு நடத்திய விசாரணையில் சொன்னார். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் முதலில் செய்துவிடுகிறோம், அதை வைத்து என்ன செய்வது என்ற விவாதம் அப்புறம்தான் வருகிறது என்றும் சொன்னார். அந்த இனிமை எனக்குத் தெரியும். ஒரு பாகம் மற்றதோடு சிக்கனமாகப் பொருந்தும்போது வருகிற இனிமை அது. பம்பு வரைந்தாலும் வரும், பீரங்கி வரைந்தாலும் வரும். அதற்குத் தரம் பிரிக்கத் தெரியாது.

இப்போதெல்லாம் ‘அழகு’ என்ற சொல்லே இதற்குச் சின்னதாகத் தெரிகிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது மருட்கைக்கு அடுத்து அச்சத்தை வைக்கிறது. வியந்து நிற்பதும் நடுங்கி நிற்பதும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். நான் இத்தனை வருடம் முதல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டில் இருந்தவரைப் பிறகுதான் சந்தித்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். போர் நடந்த மண்ணில் வளர்ந்தவர். என் மேசைமேல் இருந்த மாதிரி விமானங்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “எங்களுக்கு இதோட உருவம் தெரியாது தம்பி. சத்தம்தான் தெரியும்.” சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிவிடுவார்களாம். தலையைத் தூக்கிப் பார்க்க யாருக்கு நேரம்? குழிக்குள் குந்திக்கொண்டு விழுகிற குண்டுகளை எண்ணுவார்களாம். வழக்கமாக எத்தனை போடும் என்று பெரியவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அந்த எண்ணிக்கை வந்துவிட்டால் விமானம் திரும்பிவிடும், வெளியே வரலாம். ஒன்று குறைந்தால் வரக்கூடாது.

அவரை விமான அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரேதான், “போலாம், ஒருதடவை நின்னு பாக்கணும்” என்றார். போனோம். வல்கன் அங்கே நின்றது. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இறக்கையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

குண்டுகளை வைக்கும் அறையின் கதவுகள் திறந்தே இருந்தன. அவர் அதற்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இதுல எத்தனை கொள்ளும் தம்பி?”

எனக்குப் பதில் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளின் ஓடுபாதைமேல் ஒரே ஒரு வல்கன் போய்ப் போட்டது ஆயிரம் பவுண்டு குண்டுகள் 21. விநாடி வினாவில் யார் கேட்டாலும் முதலில் கை தூக்கியிருப்பேன்.

“இருபத்தொண்ணு, அண்ணா.”

அவர் மேலே பார்த்தபடியே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து, இருபத்தொன்று வரை எண்ணினேன்.