ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது, ஹார்மோன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 55. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. 49 வயதில் மாதவிடாய் நின்றது. வகுப்பில் நிற்கும்போதே உடம்பு தீப்பிடித்தது போலச் சுடும். இரவில் மூன்று நான்கு முறை வியர்வையில் நனைந்து எழுவேன். மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் பழைய மனுஷியானேன். இப்போது ஐந்தரை ஆண்டு ஆகிறது. போன வருடம் என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. "ஐந்து வருடத்துக்கு மேல் சாப்பிடவே கூடாதாம்" என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, பயந்துபோய் மே மாதம் நிறுத்தினேன். பத்தே நாளில் எல்லாத் தொல்லையும் திரும்பியது. மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். கருப்பை எடுத்த பக்கத்து வீட்டு அக்கா எட்டு வருடமாகச் சாப்பிடுகிறார். எனக்குக் கருப்பை இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். மருத்துவரைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். இன்னும் எவ்வளவு நாள் சாப்பிடலாம்?
பி.கு.: தாம்பத்தியத்தின்போது வறட்சியும் எரிச்சலும் இருக்கிறது. இதைக் கேட்பது தவறென்றால் மன்னிக்கவும்.
ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

நாத்தனாரின் நோயிலிருந்தே தொடங்குகிறேன். மே மாதம் உங்களை மாத்திரையை நிறுத்த வைத்தது அந்தப் பயம்தான். அவர் உங்கள் கணவரின் உடன்பிறந்தவர். அவருக்கு வந்ததால் உங்களுக்கு வரும் வாய்ப்பு சிறிதும் கூடவில்லை. உங்களுக்கு மகள் இருந்தால், அவளுக்கு அவர் இரத்த உறவான அத்தை. அவள் மட்டும் தன் மருத்துவரிடம் இதைச் சொல்லி வைக்கட்டும். உங்கள் அம்மா, அக்கா, தங்கை, பெரியம்மா, சித்தி, அத்தை இவர்களில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததுண்டா? கடிதத்தில் இது இல்லை. வந்திருந்தால் கீழே நான் சொல்வது மாறும். முதல் வேலையாக அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. சராசரியாக 5.2 ஆண்டு ஆனபோது, ஹார்மோன் எடுத்தவர்களிடம் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் தெரிந்தது. பக்கவாதமும் நுரையீரலில் இரத்தக் கட்டியும் கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. செய்தி உலகமெங்கும் பரவியது. லட்சக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் மாத்திரையைக் கைவிட்டார்கள். ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது மட்டும் அந்தப் பரபரப்பில் காணாமல் போய்விட்டது. நீங்கள் தொடங்கியது 49-ல், மாதவிடாய் நின்றவுடன். அறுபது வயதுக்கு முன்போ, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள்ளோ தொடங்குகிறவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு என்று பின்னால் தெளிவாயிற்று. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், 65 வயதானாலும் வயதை மட்டும் காரணம் காட்டி நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. ஆகவே, ஐந்தாம் ஆண்டு முடியும் அன்று மாத்திரை நஞ்சாக மாறிவிடுவதில்லை.

ஆனால் ஆண்டு கூடக்கூட மார்பகத்துக்கான ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. அதை நான் மறைக்க மாட்டேன். நீங்கள் கணக்கு ஆசிரியை, எண்களாகவே பாருங்கள். உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த முடிவு இது. ஹார்மோனே எடுக்காத பெண்கள் நூறு பேரில், 50 முதல் 69 வயதுக்குள் ஏறக்குறைய 6 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. ஐம்பதில் தொடங்கி ஐந்து ஆண்டு தினமும் இரண்டு ஹார்மோனையும் எடுத்தவர்களில் அது 8 ஆகிறது. பத்து ஆண்டு எடுத்தால் இந்தக் கூடுதல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இவை பெரும்பாலும் மேலை நாட்டுப் பெண்களின் எண்கள். நம் ஊரில் அடிப்படை விகிதமே குறைவு என்பதால் கூடுதலும் குறைவாகவே இருக்கும். அதற்காக அந்த இரண்டு பேரை அற்பமாகப் பேச எனக்கு மனம் வராது. இரவு இரவாகத் தூங்காமல், காலையில் ஒன்பதாம் வகுப்பு முன்னால் போய் நிற்பதும் உடம்பைத் தின்னும். அதையும் தராசில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். நிறுக்க வேண்டியவர் நீங்கள், வீட்டில் உள்ள மற்றவர்கள் அல்ல.

பக்கத்து வீட்டு அக்காவோடு உங்களை ஒப்பிட வேண்டாம். கருப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதில் மார்பகத்துக்கான கூடுதல் ஆபத்து மிகவும் குறைவு. அதே 2019 கணக்கில், ஐந்து ஆண்டு எடுத்த 200 பேரில் ஒருவர்தான் கூடுதல். உங்களுக்குக் கருப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோயாகவும் மாறலாம். அதைத் தடுக்கத்தான் இரண்டாவது ஹார்மோன். "அவருடைய மாத்திரையில் ஒரு அட்டை கொடுங்கள்" என்று எந்த நாளும் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். இன்னொரு வகையினரும் உண்டு: நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள். அவர்கள் இயல்பாக நிற்கும் வயது வரையாவது எடுப்பதே நல்லது. அவர்களிடம் ஐந்து ஆண்டுப் பேச்சே எடுக்கக் கூடாது.

மே மாதச் சோதனையை நான் கணக்கில் எடுக்கவில்லை. திருச்சிக் கத்திரி வெயிலில், மின்விசிறி அனல் காற்றை வீசும்போது, ஒரே நாளில் முழு மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறீர்கள். ஹார்மோன் திடீரென வடிந்தால், மூளையில் உடல் சூட்டைச் சீராக வைத்திருக்கும் இடம் தடுமாறும். சூடு திரும்பி வரும். சிலருக்கு அது சில வாரங்களில் தணிந்துவிடும். சிலருக்கு அடிப்படைத் தொல்லையே இன்னும் ஓயாமல் இருக்கும். அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி இந்தச் சூடு வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுக்கும் மேல் நீடித்தது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை மூன்று வாரம் சொல்லாது.

என் யோசனை: இப்போது நிறுத்த வேண்டாம். அதற்காகப் பழைய சீட்டை வைத்துக்கொண்டு இப்படியே தொடரவும் வேண்டாம். கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஐந்தரை ஆண்டு அன்று, மருத்துவரைப் பார்க்காத இரண்டு ஆண்டுதான். இந்த மாதமே போங்கள். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்து, மார்பகப் பரிசோதனை செய்து, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பு அடர்த்தியையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. மாத்திரையை நிறுத்திய பிறகு எலும்பின் தேய்மானம் மறுபடி தொடங்கும். அதன் பிறகு மருத்துவரிடம், ஈஸ்ட்ரோஜனை மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஜெல்லாக மாற்றலாமா என்று கேளுங்கள். விழுங்கும் மாத்திரை கல்லீரல் வழியாகப் போய் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. சாதாரண அளவில் தடவும் ஜெல்லுக்கு அந்தக் குறை காணப்படவில்லை. வயது அறுபதை நெருங்க நெருங்க இந்த வேறுபாடு முக்கியம். கருப்பைக்கான இரண்டாவது ஹார்மோன் அப்போதும் வேண்டும்.

வெயில் தணிந்து, மார்கழிக் குளிரில் அளவைக் குறைக்கத் தொடங்குங்கள். மருத்துவர் சொல்லும் குறைந்த அளவில் இரண்டு மூன்று மாதம் இருந்து பாருங்கள். தாங்க முடிந்தால் இன்னும் குறைத்து நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைத்தாலும் ஒரேயடியாக நிறுத்தினாலும் நீண்ட காலத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முதல் சில மாதம் படிப்படியாகப் போனால் துன்பம் குறையலாம். தாங்க முடியாவிட்டால் அந்தக் குறைந்த அளவிலேயே இன்னும் ஓர் ஆண்டு தொடருங்கள், அடுத்த மார்கழியில் மறுபடி குறைத்துப் பாருங்கள். நிறுத்த முடியவில்லை என்று அப்போது உங்களை நீங்களே நொந்துகொள்ளக் கூடாது. ஹார்மோனே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் வழி இருக்கிறது. வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற மருந்துகள் சூட்டையும் வியர்வையையும் ஓரளவு குறைக்கும்.

இதற்கிடையில் பெண்ணுறுப்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பின்குறிப்புக்கு வருகிறேன். அதில் மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை. உடல் சூடு ஆண்டுகள் போகப்போகத் தணியும். இந்த வறட்சி தணியாது, கவனிக்காமல் விட்டால் கூடும். சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி தொற்றும் அதோடு சேர்ந்து வரும். வாய்வழி மாத்திரை எடுத்தும் சிலருக்கு இது தீர்வதில்லை. பெண்ணுறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதற்கென்றே இருக்கிறது. முதலில் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை வைப்பது வழக்கம். இரத்தத்தில் மிகமிகக் குறைவாகவே கலக்கிறது. நாளை மாத்திரையை முழுவதுமாக நிறுத்திவிட்டாலும் இதை மட்டும் தேவைப்படும் ஆண்டுகள் வரை தொடரலாம். மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்; இதைப் பின்குறிப்பாக வைக்காமல் முதல் வரியில் எழுதுங்கள்.