முள் நின்ற இடம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். மழைக்காலச் சத்தங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், வால்வு ரேடியோ சூடேறிப் பேசத் தொடங்கும் முன் வரும் அந்த அரை நிமிட அமைதியைச் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ராத்திரியெல்லாம் செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் ஏங்கும் பழைய ரேடியோக்களையும் டிவிகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீலக் கண்ணாடி போர்த்திய ஸ்பார்ட்டன், வெண்ணெய் மஞ்சளில் ஃபாடா, கழுத்து நீட்டிய பில்கோ டிவி. மனைவி திட்டுகிறாள்.

இரண்டு கேள்விகள். 'இது மட்டும் கிடைத்தால்' என்று நீங்கள் நினைக்கும் மூன்று பெட்டிகள் எவை? அடுத்தது அவசரம். குன்னூரில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஒரு வால்வு ரேடியோ இருக்கிறது. 1938 மாடல், எஸ்டேட் துரை பங்களாவில் இருந்தது, பச்சைக் கண் நன்றாக எரிகிறது என்கிறார். விலை 22,000 ரூபாய். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். வாங்கலாமா?

எங்கள் வீட்டுப் பரணில் அப்பா சிலோனிலிருந்து வரும்போது கொண்டுவந்த டிரான்சிஸ்டர் ஒன்று கிடக்கிறது. பாடாது. கம்பெனிப் பெயரும் அழிந்துவிட்டது. அதெல்லாம் சேகரிப்பில் சேராது, இல்லையா?

அன்புடன்,
ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். வாங்கித்தான் தீருவேன் என்றால் 1938க்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் இருக்கும் வால்வின் கண்ணாடியில் இஎல் 84 என்று தெரிகிறது. கட்டைவிரல் பருமனில், தனி அடிப்பாகம் இல்லாமல், கண்ணாடியிலிருந்தே ஒன்பது ஊசிக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த வகை வால்வுகள் 1950களின் வரவு. 1938இல் செய்த பெட்டி என்றால் உள்ளே குண்டு குண்டாக, பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கறுப்பு அடிப்பாகம் வைத்த வால்வுகள் உட்கார்ந்திருக்கும். வால்வுகளைத் தாங்கும் உலோகத் தட்டான சேஸிஸில் போட்ட ஓட்டையின் அளவே வேறு. துரை கதை பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுதந்திரத்துக்கு அப்புறமும் இந்த மலையில் இருந்த வெள்ளைக்காரத் துரைகள் உண்டு. வருஷம்தான் பொய்.

பச்சைக் கண் எரிகிறது என்றாரே, எனக்கு அங்கேதான் வயிறு கலங்கியது. அந்தக் கண்ணும் ஒரு வால்வுதான். ஸ்டேஷன் சரியாகப் பிடிக்கப் பிடிக்க அதன் நிழல் சுருங்கும், அதைப் பார்த்து முள்ளை நிறுத்துவோம். அது எரிகிறது என்றால் மனிதர் பெட்டியை நேராகக் கரண்டில் சொருகியிருக்கிறார். எத்தனை வருஷம் சும்மா கிடந்ததோ! பழைய பெட்டிகளில் மெழுகு தோய்ந்த காகித கண்டென்சர்கள் இருக்கும். நம் ஊர் ஈரத்தைக் குடித்து அவை கசியத் தொடங்கிவிடும். முன்வால்விலிருந்து, ஸ்பீக்கரை ஓட்டும் இஎல் 84க்குப் பாட்டை மட்டும் அனுப்ப வேண்டிய கண்டென்சர் ஒன்று உண்டு. அது கசிந்தால் பாட்டோடு வோல்டேஜும் சேர்ந்து போகும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கும், தகடு சிவக்கும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரிந்து போகும். இதெல்லாம் நடக்கிற முதல் சில நிமிடங்களுக்கு ரேடியோ இனிமையாகப் பாடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் கொடுமை.

பழைய மெக்கானிக்குகள் ஒரு வேலை செய்வார்கள். ரேடியோவுக்கும் கரண்டுக்கும் நடுவில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டுவார்கள். சீரிஸ் பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பிக்கும். லேசாகச் சிவந்து நின்றால் மேலே பார்க்கலாம். எந்தப் பழைய பெட்டியையும் இப்படிப் பார்க்காமல் சொருகக் கூடாது. சில மலிவான மாடல்களில் உள்ளே டிரான்ஸ்பார்மரே கிடையாது. வீட்டுக் கரண்டு நேராகச் சேஸிஸில் நிற்கும். பின்மூடியைக் கழற்றிவிட்டுக் கை வைத்தால் ஆள் காலி. விளையாட்டில்லை.

இவ்வளவு பேசுகிற நான் செய்த பாவத்தையும் சொல்கிறேன். என் மாமனார் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அவர் காலமான பிறகு எனக்கு வந்தது. கரண்டு விஷயத்தில் கவனமாகத்தான் இருந்தேன். பல்பு போட்டேன், மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கண்டென்சர்களை மாற்றினேன். டயல் நூல் புதிதாகக் கட்டினார்கள். எல்லாம் முடிந்து, பெட்டி பாடி, சந்தோஷத்தில் ஒரு ஈரத் துணியை எடுத்து டயல் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்தேன். ஸ்டேஷன் பெயர்கள் கண்ணாடியின் உட்புறம் பெயிண்டால் அச்சடித்தவை. ஒரே இழுப்பு. டெல்லி பாதி இருக்கிறது, மெட்ராஸ் இருக்கிறது, சிவப்பு எழுத்தில் இருந்த சிலோன் துணியோடு வந்துவிட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு அந்தக் கண்ணாடியை வாய்க் காற்றால் ஊதுவதோடு சரி.

சிவப்பில் சிலோன் என்று அடிக்க ஒரு காரணம் இருந்தது. 1952இல் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். நாட்டில் பாதிப் பேர் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித்பாரதி தொடங்கும்வரை டெல்லி அசரவில்லை. ரேடியோ வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வியே 'சிலோன் எடுக்குமா?' என்பதுதான்.

சரி, மூன்று பெட்டிகள்.

முதலாவது, எக்கோ ஏடி 65. வெல்ஸ் கோட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1934இல் இங்கிலாந்தில் வந்தது. வட்டமான பேக்லைட் ரேடியோ. அதற்கு முன் ரேடியோ என்றால் மர அலமாரியின் தம்பி. இவர் ஸ்பீக்கர் வட்டம்தானே, பெட்டி ஏன் சதுரம் என்று யோசித்திருக்கிறார். டயலும் மேலே வில்லாக வளைந்து நிற்கும். பேக்லைட் என்பதால் நம் ஈரத்துக்கு மேல்பலகை உரிந்துகொண்டு வராது என்பது என் சுயநலக் கணக்கு.

நீங்கள் சொன்ன ஸ்பார்ட்டன் எனக்கு வேண்டாம். நாக்டர்ன் என்று பெயர். ஏறக்குறைய நாலடி உயரத்தில் நீலக் கண்ணாடி வட்டம். அதை வீட்டில் வைத்தால் வருகிறவர்கள் எல்லாரும் தலை வாரிக்கொண்டு போவார்கள். ஃபாடா வேறு கதை. அதன் மஞ்சள் பலவற்றில் கம்பெனி கொடுத்த நிறமே இல்லை. கேட்டலின் என்ற பிளாஸ்டிக்கில் வெள்ளையாகச் செய்த பெட்டிகள் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுத்துப் பழுத்து அந்த நிறத்துக்கு வந்தவை. மேல்தோலைத் தேய்த்தால் உள்ளே வெள்ளை இருக்கும். இவர்கள் காசு கொடுப்பது வயதுக்குத்தான் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

இரண்டாவது நம் அடிவாரத்துச் சரக்கு. 1941இல் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். ரேடியோ பங்களாக்காரர்களின் பொருளாக இருந்த காலம் அது. அந்த எழுபது ரூபாய்ப் பெட்டியின் சேஸிஸை ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும். எதை விட்டுவிட்டார், எதை விடவில்லை என்று தெரிந்துகொள்ள ஆசை.

மூன்றாவது ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிறது. சிரிக்காதீர்கள், அதுவும் ரேடியோதான். 1970இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டிய ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேலேயே கிடத்தியிருக்கிறார்கள். ஊட்டி இருப்பதும் 11 டிகிரி அட்சரேகையில் என்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். நாம் டயல் குமிழைத் திருப்புகிற மாதிரி. பரணில் வைக்க இடமில்லாததால் ஆசையோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றிலும் டிவி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் பில்கோ, பிரிடிக்டா என்ற மாடல், 1958இல் வந்தது. படக்குழாயைப் பெட்டியிலிருந்து பிரித்துத் தலை மாதிரி மேலே வைத்தார்கள். பார்க்க அழகு, ஆனால் அடிக்கடி ரிப்பேர். 1954இல் ஆர்சிஏ என்ற அமெரிக்கக் கம்பெனி விற்ற சிடி 100 கலர் டிவியின் விலை 1000 டாலர், படக்குழாய் 15 அங்குலம். இன்று மிஞ்சியிருப்பவற்றில் பல படக்குழாய்களுக்குள் காற்று புகுந்துவிட்டது. காற்று புகுந்த படக்குழாய் வெறும் கண்ணாடிக் குடம். 1930இல் வந்த பேர்டு டெலிவைசரில் ஒரு துளைத்தட்டு சுற்றி, தீப்பெட்டி அளவில், 30 கோட்டில், ஆரஞ்சு நிறத்தில் முகம் தெரியுமாம். அதை ஒரு நாள் வாடகைக்குக் கொடுத்தால் பார்ப்பேன்.

என் ஒதுக்கலுக்குக் காரணம் வேறு. எங்கள் வீட்டிலும் மரக் கதவு இழுத்துச் சாத்துகிற ஷட்டர் டிவி இருந்தது. காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும். நான் கூரைமேல் நின்று திருப்ப, ஜன்னல் வழியாகத் தம்பி 'வருது, வருது, போச்சு' என்பான். அந்தப் பெட்டியை இன்று சரிசெய்து வைத்தாலும் பிடிக்க ஒன்றுமில்லை. தூர்தர்ஷன் கோபுரங்களிலிருந்து வந்த பழைய அனலாக் ஒளிபரப்பு ஏறக்குறைய முழுவதும் நின்றுவிட்டது. வால்வு ரேடியோவுக்கு அந்தக் கதி இன்னும் வரவில்லை. சிற்றலை ஓய்ந்துவிட்டாலும் மத்திய அலை மிச்சமிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் வானத்தின் கீழ்த்தட்டில் அலைகளை விழுங்கும் அடுக்கு கரைந்துவிடும், தூரத்து ஸ்டேஷன்கள் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி வரும். குன்னூரில் இருந்துகொண்டு நான் கேட்கிறேன்.

கேட்பதில் ஒரு லாபமும் உண்டு. எங்கள் மெக்கானிக் முதல் நாளே சொன்னார்: 'தினம் ஒரு மணி நேரம் போடுங்க சார், மூடி வெச்சா செத்துரும்.' வால்வின் சூடு உள்ளே தங்கிய ஈரத்தை விரட்டுகிறது. பெரிய எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களுக்கும் அவ்வப்போது வோல்டேஜ் பட்டால்தான் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் கெடாமல் நிற்கும். மலையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்த பெட்டிகளின் டிரான்ஸ்பார்மர் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதையும் ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சை படர்ந்திருப்பதையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது உங்கள் பரணுக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் விஷயம்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தது 5,25,000 பேரை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, பலர் நம் மலைக்கு அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். உங்கள் அப்பாவும் அந்த வழியில் வந்தவராகத்தான் இருக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று கணக்குப் பார்த்த மூட்டையில் ஒரு டிரான்சிஸ்டருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் இருந்தபோது அந்தப் பெட்டியில் இலங்கை வானொலி உள்ளூர் ஸ்டேஷன். மத்திய அலையிலேயே கணீரென்று கேட்டிருக்கும். கடலைத் தாண்டி கோத்தகிரிக்கு வந்ததும் அதே அறிவிப்பாளர் குரலைச் சிற்றலைக்கு மாற்றி, இரைச்சலுக்குள் தேட வேண்டியிருந்திருக்கும். பெட்டி ஒன்று, குரல் ஒன்று, முள் நிற்கிற இடம் மட்டும் வேறு. முதல் நாள் எங்கே நிறுத்தினார், எத்தனை நேரம் தேடினார் என்று அப்பாவிடம் கேளுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

டிரான்சிஸ்டரைச் சரிசெய்வது வால்வு பெட்டியைவிட எளிது, உயிருக்கும் ஆபத்தில்லை. செல் போடும் அறையைத் திறந்து பாருங்கள். பழைய செல் கசிந்து காய்ந்து ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும். நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். வால்யூம் குமிழை இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள், கரகரப்பு குறையும். சத்தம் கிசுகிசுவென்று வந்தால் உள்ளே கண்டென்சர்கள் காய்ந்திருக்கின்றன என்று அர்த்தம், எந்த மெக்கானிக்கும் சில நூறு ரூபாயில் மாற்றிவிடுவார். பெயர் அழிந்த இடத்தைத் துணியால் துடைக்க வேண்டாம், நான் பட்டது போதும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் சில சமயம் எழுத்தின் தடம் தெரியும்.

அந்தக் காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்குத் தலைகீழ் கரண்டு ஆகாது. செல் போடும்போது பிளஸ், மைனஸ் இரண்டு தடவை பார்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து