பின்திரை உடைந்த டி7000-ஐ வாங்கலாமா?

கேள்வி: தென்காசியில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் தம்முடைய பழைய நிக்கான் டி7000 கேமராவை, லென்ஸ் இல்லாமல், 6,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கீழே விழுந்ததில் பின்திரை விரிசல் விட்டுக் கறுத்துவிட்டது, படம் எடுப்பதில் ஒரு குறையும் இல்லை என்கிறார். சித்தப்பாவிடம் பிலிம் காலத்து நிக்கான் 50 மி.மீ. ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒன்று இருக்கிறது. எனக்கு வீடியோ தேவையில்லை. திரை இல்லாமல் இதை வைத்துப் படம் எடுக்க முடியுமா? வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு ஒரு மணி நேரமாவது அந்தக் கேமராவோடு உட்காருங்கள். திரை போனது பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. திரையை உடைத்த அந்த அடி உள்ளே வேறு எதையெல்லாம் அசைத்தது என்பதில்தான் கவலை. விற்பவர் மறைக்கிறார் என்று சொல்லவில்லை. திரை போன பிறகு எடுத்த படங்களை அவரே சரியாகப் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் திரையையே பார்த்துவிடுவோம். டி7000-ஐ விற்கும்போதே பி.எம்-11 என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடியைத் திரைக்கு மேல் மாட்டிக் கொடுத்தார்கள். பலர் அதைக் கழற்றுவதே இல்லை. விரிசல் அந்த மூடியோடு நின்றிருக்கிறதா, அடியில் உள்ள திரை வரை போயிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். அடுத்து, கேமராவை இயக்கி மெனு பொத்தானை அழுத்திவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைச் சாய்வாகத் திரைமீது அடியுங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு மட்டும் போயிருக்கிறது. மை கொட்டியது போலக் கறுப்பு பரவியிருந்தால் திரை உடைந்ததுதான். அந்தக் கறை நாளாக ஆக இன்னும் பரவும்.

இதைவிட முக்கியமான சோதனைக்கு ஒரு மினி எச்.டி.எம்.ஐ. கேபிள் வேண்டும். கேமராவின் இடப்பக்க ரப்பர் மூடிக்குள் அதற்கான துளை இருக்கிறது. ஸ்டூடியோவில் உள்ள டிவியில் இணைத்து மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனு முழுவதும் டிவியில் வந்தால் கேமராவின் மூளை நன்றாக இருக்கிறது, திரை மட்டும்தான் போயிற்று என்று பொருள். டிவியிலும் ஒன்றும் வரவில்லை என்றால், வேறு கேபிளையும் வேறு டிவியையும் ஒரு முறை முயன்றுவிட்டு, நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். மெயின் போர்டில் கோளாறு உள்ள கேமராவை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

திரை இல்லாமல் எப்படிப் படம் எடுப்பது என்பது உங்கள் கேள்வியின் அடுத்த பகுதி. டி7000 கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். வகைக் கேமரா. லென்ஸ் வழியே நுழையும் ஒளி உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு, மேலே உள்ள பட்டகத்தில் திரும்பி, வியூஃபைண்டர் வழியாக உங்கள் கண்ணுக்கு வருகிறது. ஃபோகஸ் பார்க்கும் உணரிகள் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கின்றன. வெளிச்சத்தை அளக்கும் உணரி மேலே பட்டகத்தின் பக்கம் இருக்கிறது. இந்தப் பாதை எதிலும் பின்திரைக்கு வேலை இல்லை. டி7000-இல் இன்னொரு வசதி, தலைப்பகுதியில் உள்ள சிறிய கறுப்பு வெள்ளைத் திரை. ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர் (எஃப் எண்ணால் குறிக்கும் லென்ஸின் திறப்பு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்), வெண்சமநிலை (விளக்கின் நிறத்துக்கேற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் அமைப்பு), படத்தின் தரம், மீதமுள்ள படங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அதிலேயே பார்த்து மாற்றலாம். 2010-இல் வந்த இந்த மாடல் உங்களுக்கு வாய்த்திருப்பது நல்லதுதான். இதே நிறுவனத்தின் டி3100, டி5100 போன்றவற்றில் அந்த மேல்திரை கிடையாது. அவற்றின் அமைப்புகளில் பாதிக்கு மேல் பின்திரையை நம்பியே இருப்பதால், திரை உடைந்த நிலையில் நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். வியூஃபைண்டரே இல்லாத சிறிய பாக்கெட் கேமராக்களைத் திரை போன பின் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திரையில்லாத டிஜிட்டல் கேமரா என்பது விநோதமான யோசனையும் இல்லை. ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 2016-இல் எம்-டி என்ற மாடலைப் பின்திரை வைக்காமலே விற்றது. திரை இருக்க வேண்டிய இடத்தில் ஐ.எஸ்.ஓ. மாற்றும் வட்டம் ஒன்று மட்டும் இருந்தது. அந்தக் கேமரா ரா கோப்பாக, அதாவது பிறகு கணினியில் வண்ணத்தையும் வெளிச்சத்தையும் திருத்த இடம் தரும் மூலக் கோப்பாக மட்டுமே படத்தைச் சேமிக்கும். அதன் காரணத்தை நான் சொந்த அனுபவத்தில் புரிந்துகொண்டேன்.

என்னிடம் டி90 இருந்தபோது, ஒரு தெப்பக்குளத்தின் படியில் முக்காலி சரிந்து கேமராவின் திரை போயிற்று. அதை மாற்றாமல் ஒன்றரை வருடம் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு நண்பர் வீட்டு நிச்சயதார்த்தத்திற்குப் போயிருந்தேன். முந்தைய இரவு மண்டபத்தில் குண்டு பல்பு வெளிச்சத்திற்காக வெண்சமநிலையை மாற்றி வைத்தவன், காலையில் வாசலில் எடுக்கும்போது அதைப் பார்க்கவில்லை. கேமராவே வண்ணத்தை முடிவுசெய்து சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பாக மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால், மாவிலைத் தோரணத்திலிருந்து பெண்ணின் மஞ்சள் பட்டுப் புடவை வரை எல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. எவ்வளவு திருத்தியும் அந்த மஞ்சள் முழுதாகத் திரும்பி வரவில்லை. ரா கோப்பாக எடுத்திருந்தால் ஒரே நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். திரை இல்லாதவருக்கு ரா கோப்பு ஒரு காப்பீடு. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பிறகு வெளிச்சமாக்குவதற்கும் டி7000-இன் ரா கோப்பு நன்றாக இடம் கொடுக்கும்.

எனவே கேமராவை வாங்கிய அன்றே டிவியில் இணைத்து ஒரு தடவை எல்லாவற்றையும் அமைத்துவிடுங்கள். தேதியும் நேரமும் முதலில். டி7000-இல் இரண்டு எஸ்.டி. அட்டைகள் போடலாம், முதல் அட்டையில் ரா, இரண்டாவதில் ஜேபெக் என்று மெனுவில் பிரித்து வையுங்கள். எடுத்த படத்தைப் பார்க்க நினைக்கும்போது இரண்டாவது அட்டையை மட்டும் உருவி, கைப்பேசியில் செருகும் ஓ.டி.ஜி. கார்டு ரீடரில் போட்டுக் கைப்பேசியில் பார்த்துவிடலாம். உடைந்த மூன்று அங்குலத் திரையைவிட அது பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். அடுத்து, மேலே உள்ள வட்டத்தில் யூ1, யூ2 என்ற இரண்டு நிலைகள் இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த அமைப்புகளை அவற்றில் சேமித்துவைக்கலாம். யூ1-இல் பகல் வெளிச்சத்துக்கானதை வையுங்கள்: அப்பெர்ச்சர் முன்னுரிமை, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100. யூ2-இல் மண்டபம், கோயில் பிராகாரம் போன்ற இடங்களுக்கு எஃப் 2.8, தானியங்கி ஐ.எஸ்.ஓ., குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125. அதன்பின் மாதக்கணக்கில் டிவி பக்கம் போக வேண்டியிருக்காது.

அட்டையை அழிக்கவும் திரை தேவையில்லை. குப்பைத்தொட்டி படம் போட்ட பொத்தானிலும், ஷட்டர் பொத்தானுக்கு அருகில் உள்ள ஒரு பொத்தானிலும் சிவப்பு நிறத்தில் ஃபார்மட் என்று பொறித்திருக்கும். இரண்டையும் சேர்த்து இரண்டு வினாடி அழுத்தினால் மேல்திரையில் 'ஃபார்' (For) என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மினுக்கும். மறுபடியும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அட்டை காலி. இரண்டு அட்டைகள் இருப்பதால் எது அழியப்போகிறது என்பதை மேல்திரையில் பார்த்துவிட்டு அழுத்துங்கள். இதேபோல, பச்சைப் புள்ளி வைத்த இரண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தால் முக்கிய அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். எதையோ அழுத்திக் குழம்பிப்போனால் இது கைகொடுக்கும். தனியாகக் குப்பைத்தொட்டி பொத்தானை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். எந்தப் படம் கண்முன் இருக்கிறது என்று தெரியாமல் அழிப்பது ஆபத்து.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவில்தான் திரையின் இழப்பை உணர்வீர்கள். வெள்ளை வேட்டிக் கூட்டம், சுண்ணாம்பு அடித்த சுவர், உச்சி வெயில் மணல் போன்றவற்றில் அளவை உங்கள் கணக்கில் திருத்த வேண்டும். வெயிலில் நிற்கும் வேட்டியின் மடிப்புகள் வெளுத்துப்போகாமல் இருக்க நான் எக்ஸ்போஷர் திருத்தத்தில் 0.3 முதல் 0.7 வரை குறைத்து எடுப்பது வழக்கம். படச்சட்டம் முழுக்க வெண்மையே நிறைந்திருந்தால் கேமரா தானே இருட்டாக்கிவிடும். அப்போது கூட்ட வேண்டும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, ஷட்டர் 1/100 என்ற பிலிம் காலத்துக் கணக்கு இன்றும் பொய்ப்பதில்லை. சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு மனப்பாடமாகவே இருக்கலாம். சந்தேகமான இடத்தில் முன்புறம் இருக்கும் பி.கே.டி. பொத்தானைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால், ஒரே காட்சியைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படங்களாக எடுக்கலாம்.

வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன டையாப்டர் சக்கரத்தை (உங்கள் கண்பார்வைக்கேற்ப வியூஃபைண்டரைக் கூர்மையாக்குவது) முதல் நாளே சரிசெய்யுங்கள். வெளியே தெரியும் காட்சியைப் பார்க்காமல், கீழே ஓடும் எண்கள் கூர்மையாகத் தெரியும்வரை திருப்ப வேண்டும். ஃபோகஸ் பிடித்ததும் இடது ஓரத்தில் ஒரு வட்டப் புள்ளி நிலையாக எரியும். திரை இல்லாத உங்களுக்கு அந்தப் புள்ளிதான் சாட்சி.

இனி, நேரில் பார்க்க வேண்டியவை. உங்கள் சொந்த அட்டையையும் லேப்டாப்பையும் கொண்டு போங்கள். லென்ஸ் மாட்டும் உலோக வளையம், முக்காலித் துளையைச் சுற்றிய பகுதி, கீழ் மூலைகள் ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். பேட்டரி அறையின் உலோக முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள். செய்தித்தாள் ஒன்றைச் சாய்வாக வைத்து, நடுவில் ஒரு தலைப்பில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். தலைப்பு மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வரிகள் கூர்மையாக இருந்தால், விழுந்ததில் ஃபோகஸ் அமைப்பு நகர்ந்திருக்கலாம். சிறிய பிசகை மெனுவில் திருத்தலாம், ஆனால் பெரிய பிசகுக்குச் சர்வீஸ் செலவு திரையைத் தாண்டிவிடும். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் கறைகள் தெரியும். 1/8000 வேகத்தில் வானத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இருட்டாக வந்தால் ஷட்டர் சோர்ந்துவிட்டது. எடுத்த படத்தை எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் இதுவரை எத்தனை படங்கள் எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கை கிடைக்கும். டி7000-இன் ஷட்டரை 1,50,000 படங்கள் வரை சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. ஸ்டூடியோவில் உழைத்த கேமரா அந்த எண்ணை நெருங்கியிருந்தால் விலையை இன்னும் குறைத்துக் கேளுங்கள்.

திரையை மாற்ற நினைத்தால், வாங்குவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் செலவைக் கேட்டுவையுங்கள். இணையத்தில் திரை மட்டும் வாங்கி வீட்டில் நீங்களே கழற்ற முயல வேண்டாம். உள்ளே ஃபிளாஷுக்கான மின்தேக்கி பேட்டரியை எடுத்த பிறகும் சுமார் 300 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். தெரியாமல் தொட்டால் பலத்த அதிர்ச்சி அடிக்கும். மாற்றாவிட்டால் விரிசலின் மீது தடித்த ஒளிபுகும் டேப்பை விளிம்பு வரை ஒட்டிவிடுங்கள். வியூஃபைண்டரில் கண் வைக்கும்போது மூக்கும் கன்னமும் அழுந்துவது அந்தத் திரையின் மீதுதான்.

சித்தப்பாவின் லென்ஸ் இதற்கு நன்றாகப் பொருந்தும். டி7000-க்குள் ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் அந்தப் பழைய லென்ஸும் தானாக ஃபோகஸ் செய்யும். அதை மாட்டியதும் மேல்திரையில் எஃப்.இ.இ. என்ற எழுத்துகள் மினுக்கி, ஷட்டர் அழுந்தாமல் நின்றால் கேமரா கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். லென்ஸில் உள்ள அப்பெர்ச்சர் வளையத்தை மிகப் பெரிய எண்ணுக்கு, பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் எழுதிய 22-க்குத் திருப்பிப் பூட்டிவிடுங்கள். எழுத்துகள் மறைந்து கேமரா படம் எடுக்கத் தொடங்கும்.