சித்தப்பாவின் நோயை மகனிடம் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, பொறியியல் படிக்கிறான். இரண்டு மாதங்களுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த பிறந்தநாள் விருந்தில் யாரோ கொடுத்த போதை ஸ்டாம்பை நாக்கில் வைத்திருக்கிறான். சுவர் மூச்சு விடுவதுபோல் தெரிந்ததாம், விடியும்வரை நடுங்கியிருக்கிறான். இன்றும் கையை அசைத்தால் பின்னாலேயே நிழல் இழுபடுகிறது என்கிறான். மூளை கெட்டுவிட்டதா? என் கொழுந்தனாருக்கு மனச்சிதைவு நோய் உண்டு. அதை மகனிடம் மறைத்தே வளர்த்தோம்.
- வாசகி, பெரம்பூர்

பதில்: மூளை கெட்டுவிடவில்லை, அம்மா. ஆனால் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

ஸ்டாம்ப் என்பது ரசாயனம் தடவிய சிறு காகிதத் துண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் எல்.எஸ்.டி. என்ற, மாயக்காட்சி காட்டும் போதைப்பொருள். ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே போதும். மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற ரசாயனம் வந்து அமரும் இடங்களில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் தகவலைச் சலித்து ஒழுங்குபடுத்தும் வேலை அப்போது குலைகிறது. அதனால்தான் சுவர் அசைகிறது. கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தமும் உடல் சூடும் ஏறும். 8 முதல் 12 மணி நேரத்தில் இது வடிந்துவிடும். எல்.எஸ்.டி. என்று சொல்லி வேறு ரசாயனம் தடவி விற்பதும் உண்டு. அதில் வலிப்பு வந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

நிழல் இழுபடுவது, போதை இறங்கிய பின்னும் சிலருக்குத் தங்கிவிடும் பார்வைக் கோளாறு. பலருக்கு நாளடைவில் குறைகிறது. கஞ்சாவும் தூக்கக்கேடும் அதைக் கிளறிவிடும். கண் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். அதுவரை இரவில் பைக் ஓட்ட வேண்டாம்.

இனி சித்தப்பா விஷயம். ரத்த உறவில் மனச்சிதைவு இருந்தால், இத்தகைய போதை உள்ளே உறங்கும் நோயை எழுப்பிவிடலாம். ஆண்களுக்கு அந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இருபதை ஒட்டிய வயதில்தான். உங்கள் மகன் அந்த நிழல் நிஜமல்ல என்று அறிந்திருக்கிறான். அது எனக்குப் பெரிய ஆறுதல். யாரோ பேசும் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டார் வேவு பார்க்கிறார்கள் என்று சொன்னாலோ, இரவுகளில் தூங்காமல் அறைக்குள்ளேயே அடைந்துகிடந்தாலோ ஒருநாள்கூடத் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொரு ஸ்டாம்பை யாராவது நீட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. தன் உடம்பு எத்தகையது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திட்டாமல், அழாமல், கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். குடும்பப் பெயர் போய்விடும் என்று மூடிவைத்த நோயால் இரண்டாம் தலைமுறையும் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. போலீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். போகும்போது சித்தப்பாவின் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.